இரும்புச் சதம்

கம்பளை
3.2.1974

அன்புள்ள மச்சான் மஹ்ரூபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சி அசனாவுக்கு இருந்த இருமல் விட்டுவிட்டதா? ஆடாதோடை அவித்துக் குடிக்கச் சொல்லி என் மனைவி சொல்கிறாள். இங்கே குளிரோடு பாண் ரொட்டிக்கும் கியூ. விடிய ஐந்து மணிக்குப் போனால்தான் ஒரு இறாத்தல் கிடைக்கிறது.

மகள் உம்மு குல்சுமுக்குக் கல்யாணம் பேசியது சரிவந்துவிட்டது. மாப்பிள்ளை பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர், நல்ல பிள்ளை. அவளுக்கென்று கட்டுகிற வீடு சுவர் மட்டத்தில் நிற்கிறது. கூரை ஏற வேண்டும். புடவைக் கடையின் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. சீத்தைத் துணி வராவிட்டால் புடவைக் கடையில் என்ன இருக்கிறது, அலுமாரியும் நானும்தான்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். கடை மேல்மாடியைத் துப்புரவாக்கும்போது வாப்பாவுடைய தகரப்பெட்டி அகப்பட்டது. அதற்குள்ளே ஒரு புகையிலை டின். டின்னில் மூன்று அமெரிக்கச் சதக் காசு. ஒரு பக்கம் தாடிக்காரர் ஒருவரின் தலை. மூன்றும் வெள்ளி போல வெள்ளை. ஆண்டு 1941, 1943, 1944. கடைக்கு வந்த ஒருவர் பார்த்துவிட்டு, “வெள்ளிச் சதமா? இதுக்கு நல்ல விலை கிடைக்கும் முதலாளி” என்றார். அவரிடம் கொடுக்கவில்லை. எங்கள் குடும்பத்திலேயே இதெல்லாம் தெரிந்த ஆள் நீங்கள் இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பது? இவற்றுக்கு ஏதும் பெறுமதி உண்டா என்று எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். வஸ்ஸலாம்.

உங்கள் மச்சான்
ஜமால்தீன்


திருகோணமலை
9.2.1974

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. அசனாவுக்கு இருமல் குறைவு. உம்மு குல்சுமின் கல்யாணச் செய்தி கேட்டு அவள் அழுதுவிட்டாள், சந்தோஷத்தில்தான். நானும் சுகமாக இருக்கிறேன். துறைமுகக் களஞ்சியத்தில் இலிகிதர் வேலை வழமை போல. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் கோப்பு.

காசு விஷயம். போர்க்காலத்தில் செம்பு தோட்டாவுக்குப் போய்விட்டதால் 1943இல் அமெரிக்காவில் சதத்தை இரும்பில் அடித்து மேலே துத்தநாகம் பூசினார்கள். அதனால்தான் வெள்ளை நிறம். வெள்ளி இல்லை. நூறு கோடிக்கு மேல் அடித்தார்கள். எங்கும் கிடைக்கும். விற்கப் போனால் தேத்தண்ணிக் காசும் தேறாது.

இருந்தாலும் மூன்றையும் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்புங்கள். நேரில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். புளியோ சாம்பலோ போட்டு விளக்க வேண்டாம். ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிக் கடதாசியில் சுற்றுங்கள். வேறு யாருக்கும் காட்டவும் வேண்டாம். காலம் கெட்டுக் கிடக்கிறது.

வீட்டில் எல்லோருக்கும் ஸலாம்.

மஹ்ரூப்


திருகோணமலை
4.3.1974

மதிப்பிற்குரிய குணரத்தினம் ஐயாவுக்கு,

நலம். தங்கள் நலத்தையும் அம்மாவின் மூட்டு வலி எப்படி என்பதையும் அறிய ஆவல். சுங்கத்திலிருந்து ஓய்வு பெற்று நீங்கள் வெள்ளவத்தைக்குப் போன பிறகு, காசு பற்றிக் கதைக்க இந்த ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை. ஆகவே மனதில் உள்ளதையெல்லாம் எழுதப் போகிறேன். பொறுத்துக் கொள்ளுங்கள்.

என் மச்சான் ஜமால்தீன், அசனாவின் தமையன், மகளின் கல்யாணச் செலவுக்கு உதவுமா என்று மூன்று வெள்ளை நிற அமெரிக்கச் சதங்களை அனுப்பியிருந்தார். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து குசினி மேசையில் வைத்துப் பார்த்தேன். பழைய ரேடியோவில் கழற்றிய காந்தத்தை 1941க்குக் கிட்டக் கொண்டுபோனேன். அசையவில்லை. செம்புக் காசுக்கு யாரோ பாதரசம் தேய்த்திருக்கிறார்கள். 1943 பாய்ந்து வந்து ஒட்டியது. அது சரி. பிறகு 1944.

அதுவும் ஒட்டியது ஐயா.

அந்த ஆண்டு திரும்பவும் செம்புக்கு மாறிவிட்டார்கள் என்றும், மிச்சமாகக் கிடந்த இரும்பு வில்லைகள் சில தவறுதலாக அச்சுக்குள் போய்விட்டன என்றும் நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள். உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் இருக்கும் என்றீர்கள். பக்கத்தில் அசனா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். “என்ன, திரும்பத் திரும்ப ஒட்டிப் பாக்கிறீங்க?” என்று கேட்டாள். “சும்மா” என்றேன்.

சும்மா இல்லை ஐயா, வயிற்றெரிச்சல். எழுத வெட்கமாக இருக்கிறது. 1944இல் எனக்கு ஒன்பது வயது. வாப்பா மௌத்தாகி, நானும் உம்மாவும் கிண்ணியாவில் மாமா வீட்டோடு இருந்தோம். மாமாவுக்குத் துறைமுகத்தில் கடற்படைக் கன்ரீனில் வேலை. அமெரிக்கக் கப்பல் வந்து போன கிழமை அவர் மூன்று வெள்ளைக் காசு கொண்டுவந்தார். மகனுடைய கையில் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஜமால்தீன் அவற்றை என் காதுக்குக் கிட்டக் குலுக்கிக் காட்டிவிட்டு ஓடிப் போனார். அதற்குப் பிறகுதான் நான் காசு பொறுக்கத் தொடங்கினேன். மதுபானக் கடைச் சிப்பந்திகளிடமும் கப்பல்காரரிடமும் கெஞ்சி முப்பது வருடத்தில் எழுநூறு சேர்த்தேன். நான் தேடித் தேடிக் காணாத ஒன்று, 41க்கும் 44க்கும் வித்தியாசம் தெரியாத மனிதரின் புகையிலை டின்னில் கிடந்திருக்கிறது.

இது அசல்தானா என்று எப்படி உறுதி செய்வது? எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள
மஹ்ரூப்


வெள்ளவத்தை
19.3.1974

அன்புள்ள தம்பி மஹ்ரூப்,

கடிதம் கண்டேன். நாங்கள் சுகம். மனைவிக்கு மழை நாளில் மட்டும் முழங்கால் உளைகிறது.

அவசரப்பட வேண்டாம். காந்தம் ஒட்டினால் அது இரும்பு என்பது மட்டும்தான் உறுதி. 43இல் உள்ள மூன்றைச் சுரண்டி நாலாக்குகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துக் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். சுற்றிவரக் கீறல் இருக்கிறதா? அந்த இடம் மட்டும் பள்ளமாக இருக்கிறதா? உங்களிடம் 1944 செம்புச் சதம் ஒன்று உண்டு, எனக்கு ஞாபகம். அதன் நாலோடு இந்த நாலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடுகள் ஒன்று போல இருக்க வேண்டும். தட்டாரிடம் தராசு வாங்கி நிறுத்தும் பாருங்கள். செம்பென்றால் மூன்று கிராமுக்கு மேல் வரும். இரும்பு இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு.

எல்லாம் சரியென்றால் கொழும்புக்குக் கொண்டுவாருங்கள். பெரிய கண்ணாடியில் பார்க்கக்கூடிய ஒருவரை எனக்குத் தெரியும். அசலாக இருந்தால் அது ஒரு வயல் துண்டின் விலை பெறும். இதை உங்கள் மச்சானுக்கு இன்றைக்கே எழுதிவிடுங்கள். பெண்ணைக் கட்டிக் கொடுக்கப் போகிற வீட்டில் இப்படிச் செய்தி போவது எவ்வளவு நல்லது.

சின்ன வயதில் பட்டது எவருக்கும் இருக்கும். அதை எழுதியதற்காக வெட்கப்பட வேண்டாம்.

அன்புடன்
க. குணரத்தினம்


திருகோணமலை
30.3.1974

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே யாவரும் சுகம். பதில் பிந்திவிட்டது, ஒபிஸில் வருட முடிவுக் கணக்கு.

காசுகளைப் பார்த்தேன். ஒன்று பாதரசம் பூசிய செம்பு. மற்ற இரண்டும் நான் முன்பு எழுதியபடி போர்க்கால இரும்பு. கறள் வேறு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. விலை என்று சொல்ல ஒன்றுமில்லை. வேண்டுமானால் திருப்பி அனுப்புகிறேன், அல்லது இங்கேயே ஒரு மூலையில் கிடக்கட்டும். உங்கள் விருப்பம்.

வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டதா? மாமிக்கு என் ஸலாம் சொல்லுங்கள்.

மஹ்ரூப்


கம்பளை
21.4.1974

அன்புள்ள மச்சான்,

ஸலாம். உம்மாவுக்குச் சீனி வருத்தம் கொஞ்சம் கூடிக் குறைந்தது. இப்போது நடமாடுகிறா. அசனாவைக் கேட்டபடியே இருக்கிறா.

காசுகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நீங்களே வைத்திருங்கள். பெறுமதி இல்லாவிட்டாலும் உங்களிடம் இருந்தால் அதற்கு ஒரு மரியாதை. அதோடு நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இத்தனை வருடமாகச் சொல்லவில்லை. வாப்பா அந்தக் காசுகளைத் தந்த அன்று, “ஒண்டு மஹ்ரூபுக்குக் குடு மகன்” என்று சொல்லித்தான் தந்தார். நான் தரவில்லை. அந்த நாளில் நீங்கள் கணக்கில் முதலாவதாக வந்துகொண்டிருந்தீர்கள். வாப்பா சாப்பிடும்போதெல்லாம் உங்கள் கொப்பியைப் பற்றித்தான் கதை. “மஹ்ரூபப் பாத்துப் படி” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபத்தில் டின்னில் போட்டு மூடிவிட்டேன். பிறகு மறந்தும் போனேன். ஒன்றுக்குப் பதிலாக மூன்றாக எடுத்துக் கொள்ளுங்கள். என்னை மன்னிக்க வேண்டும்.

கூரை இன்னும் ஏறவில்லை. வாப்பா எனக்கு எழுதிய தோப்பூர் வயலை விற்கலாமா என்று யோசிக்கிறேன். மூதூர் ஆதம்பாவா ஹாஜியார் கேட்டிருக்கிறார். விலை குறைவாகத்தான் கேட்கிறார், ஆனால் கையில் தருவார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

உங்கள்
ஜமால்தீன்


திருகோணமலை
2.6.1974

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

நலம். தங்கள் இருவரின் நலமறிய ஆவல்.

நீங்கள் சொன்னபடி எல்லாம் பார்த்துவிட்டேன். நாலைச் சுற்றிக் கீறல் இல்லை. செம்புக் காசின் நாலோடு கோட்டுக்குக் கோடு ஒத்துப்போகிறது. ஸெய்னுதீன் தட்டாருடைய தராசில் நிறுத்தேன். இரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. “இந்தத் தகரத்தையா இவ்வளவு கவனமா நிறுக்கிறீங்க?” என்று அவர் சிரித்தார்.

மச்சானுக்கு எல்லா விபரமும் எழுதினேன். அவர் அந்தக் காசை எனக்கே தந்துவிட்டார். மாமா உயிரோடு இருக்கும்போதே மூன்றில் ஒன்றை எனக்குக் கொடுக்கச் சொன்னாராம். இவர்தான் தராமல் வைத்துக்கொண்டாராம். இப்போது தானாகவே ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். ஆகவே பார்க்கப் போனால் அது முப்பது வருடமாக என்னுடையதுதான் ஐயா. மூன்றில் எது என்று மாமா சொல்லவில்லை. இந்த ஒன்றாக ஏன் இருக்கக் கூடாது?

அடுத்த கிழமை லீவு போட்டுக்கொண்டு கொழும்புக்கு வருகிறேன். காசைக் கொண்டுவருவேன். விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. அசல் என்று பெரிய ஆட்கள் வாயால் கேட்டால் போதும்.

தங்கள்
மஹ்ரூப்


கம்பளை
1.7.1974

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஏப்ரலில் போட்ட கடிதத்துக்கு உங்கள் பதில் இல்லை. சுகமில்லையோ என்று உம்மா பயப்படுகிறா. ஒரு கார்டாவது போடுங்கள்.

வயல் விஷயத்தில் உங்கள் யோசனைக்காகக் காத்திருந்தேன். இனிக் காத்திருக்க ஏலாது. மாப்பிள்ளை வீட்டார் ஹஜ்ஜுப் பெருநாள் முடியக் கல்யாணத்தை வைக்கச் சொல்கிறார்கள். ஹாஜியாருக்கே சரி என்று சொல்லிவிட்டேன். இம்மாதம் 18ஆம் திகதி மூதூரில் நொத்தாரிசு முன்னால் விற்பனை எழுத்து. நான் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றைக்கே திரும்ப வேண்டும், கடையில் ஆள் இல்லை. சாட்சிக்கு நீங்கள் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். வாப்பாவின் வயல் வெளியே போகும்போது குடும்பத்து ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றால் எனக்கு மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அசனாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வெள்ளாமை வெட்டு நாளில் நாங்கள் மூன்று பேரும் அங்கே காவல் வாடியில் படுத்திருந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

ஜமால்தீன்


வெள்ளவத்தை
20.8.1974

அன்புள்ள தம்பி மஹ்ரூப்,

நலம். உங்கள் சுகத்துக்கும் வீட்டார் சுகத்துக்கும் பிரார்த்திக்கிறேன்.

நீங்கள் என்னிடம் விட்டுச் சென்ற காசை நான் சொன்ன நண்பர் இரண்டு தரம் பார்த்துவிட்டார். பிறகு அவருக்குத் தெரிந்த வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவரும் பார்த்தார். சந்தேகமே இல்லை. அசல் 1944 இரும்புச் சதம். பூச்சும் பெரும்பாலும் அழியாமல் இருக்கிறது. விளக்காமல் விட்டது நல்ல காரியம். அந்த வெளிநாட்டவர் அப்போதே விலை சொன்னார். நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு. விற்பதில்லை என்று உங்கள் சார்பில் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் மச்சானை நினைத்துக்கொள்கிறேன். மகளின் வீட்டுக்குக் கூரை இல்லாத நேரத்தில், பெறுமதி இன்னதென்று தெரிந்தும், தகப்பன் சொன்ன சொல்லுக்காக இதை உங்களுக்குத் தந்திருக்கிறார். இப்படி ஒரு மனிதரை நான் கண்டதில்லை. அசனாவிடம் சொல்லுங்கள், அவருடைய தமையனுக்கு நான் வணக்கம் சொன்னதாக.

அன்புடன்
க. குணரத்தினம்


திருகோணமலை
14.9.1974

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு பிறக்க முதல் இதை எழுதிவிட வேண்டும் என்று அசனா சொன்னாள். நான் எழுதாவிட்டால் தான் எழுதுவதாகவும் சொன்னாள்.

வயிற்றெரிச்சலில் உங்களுக்குப் பொய் எழுதினேன். 1944 காசு மிகவும் அரிய காசு. உங்கள் முதல் கடிதத்தில் ஆண்டைப் படித்தபோதே அப்படி இருக்கலாம் என்று நினைத்தேன். மார்ச் மாதம் அநேகமாக உறுதியாகிவிட்டது. ஏப்ரலில் நீங்கள் வயலை விற்கவா என்று கேட்டபோது, அந்தக் காசு எங்கள் அலுமாரியில் இருந்தது. ஜூலை 18ஆம் திகதி மூதூரில் நான் சாட்சிக் கையெழுத்து வைத்தபோது அது கொழும்பில் பரிசோதனையில் இருந்தது. நீங்கள் எனக்கு மீன்சோறு வாங்கித் தந்தீர்கள். நான் சாப்பிட்டேன்.

காசு பற்றி எனக்குச் சொல்லித் தந்த வெள்ளவத்தை குணரத்தினம் ஐயாவின் கடிதம் நான் ஒபிஸில் இருந்த நேரம் வீட்டுக்கு வந்தது. உறையைப் பிரித்த அசனா, தன்னுடைய பெயர் அதில் இருந்ததைக் கண்டு முழுக்கப் படித்துவிட்டாள். நான் வந்தவுடன் சோறு போட்டாள்.

“திண்டு முடிங்க, பொறகு கதைப்பம்,” என்றாள்.

கை கழுவி வந்ததும் கடிதத்தை மேசையில் வைத்தாள்.

“பெறுமதி தெரிஞ்சிதான் காக்கா தந்தவரா?” என்று உங்களைப் பற்றிக் கேட்டாள்.

“இல்ல.”

“வயல் வித்த நேரம் உங்களுக்குத் தெரியுமா?”

“ஓம்.”

“என்ட வாப்பா உங்கள அவர்ர புள்ளையாத்தானே வளத்தவர். உங்களுக்கு என்ன குற வெச்சவர்?”

அவள் கேட்டது சரி மச்சான். மாமா குறை வைக்கவில்லை. படிப்பித்தார், உத்தியோகத்துக்கு ஆள் பிடித்தார், மகளையும் தந்தார். ஆனால் அவர் வேலையால் வரும்போது முதலில் உங்கள் தோளில்தான் கை வைப்பார். இரண்டாவதாக என் தோளில். அந்த இரண்டாவது எனக்குப் போதவில்லை. உங்கள் சைக்கிள், உங்கள் குரல், கடை திறந்த அன்று வந்த கூட்டம், எல்லாம் என்னைச் சுட்டது. கடையில் நட்டம் என்று நீங்கள் எழுதியபோதுகூட, எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை. இதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை.

மாமா ஒன்று எனக்குக் கொடுக்கச் சொன்னதாக நீங்கள் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, அது என்னுடையதுதான் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஐயாவுக்கும் அப்படியே எழுதினேன். அவருக்கு இன்று உண்மையை எழுதிவிட்டேன். காசு அவரிடம் இருக்கிறது. உங்கள் கையில் தருவார். விலாசத்தை வேறு துண்டில் எழுதி இத்தோடு வைத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். தர வேண்டும் என்று கேட்கவில்லை.

மஹ்ரூப்


கம்பளை
28.11.1974

மஹ்ரூபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம்.

பெருநாளைக்கு அசனாவுக்கு மட்டும் கார்ட் போட்டேன். வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தேன்.

உங்கள் கடிதம் வந்த மூன்றாம் நாள் கண்டியில் பஸ் ஏறினேன். உங்கள் ஒபிஸ் வாசலில், நாலு பேர் பார்க்க உங்களுக்கு அடிக்க வேண்டும். வேறு எண்ணமே இருக்கவில்லை. ஹபறணையில் சாப்பாட்டுக்கு பஸ் நின்றது. நோன்பு, நான் மரத்துக்குக் கீழே இருந்தேன். அடித்துவிட்டு அதற்குப் பிறகு எங்கே போவது என்று யோசித்தேன். தங்கச்சி வீட்டுக்குத்தான் போக வேண்டும். அது உங்கள் வீடு. பஸ்காரன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான். நான் ஏறவில்லை. எதிரே வந்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

குணரத்தினம் ஐயாவிடம் போய்க் காசை வாங்கினேன். அந்த மனிதர் எனக்கு முன்னால் கதிரையில் இருக்கவும் கூசினார். அவருடைய பிழை ஒன்றும் இல்லை. கொழும்பிலேயே ஒருவர் நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார். கூரை போட்டு, தரைக்குச் சீமெந்தும் இழுத்துவிட்டேன். மிச்சத்தில் பாதியை அசனாவின் பெயரில் தபாலகச் சேமிப்புப் புத்தகத்தில் போட்டிருக்கிறேன். வாப்பாவின் பொருள், அவளுக்கும் பங்கு உண்டு. அதை நீங்கள் தொட வேண்டாம்.

வயலைத் திருப்பித் தரும்படி ஹாஜியாருக்கு எழுதிப் பார்த்தேன். மகனுக்கு எழுதிவிட்டதாகவும், விதைத்தாகிவிட்டதாகவும் பதில் போட்டார். அவர் மேலும் பிழை இல்லை. அது போனது போனதுதான்.

உம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஜனவரி 5ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். கார்ட் வேறாக வரும், அதில் உங்கள் பெயரும் இருக்கும். பிள்ளைகளோடு வாருங்கள். வந்தவுடன் என்னிடம் கதைக்க வர வேண்டாம். எனக்குக் கதைக்க முடிகிறபோது நானே வருவேன்.

ஜமால்தீன்


திருகோணமலை
12.1.1975

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

தங்கள் இருவரின் நலத்துக்கும் இறைவனை வேண்டுகிறேன். என்னுடைய செப்டம்பர்க் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. போடாதது நியாயம். உங்களையும் என் பொய்க்குள் இழுத்துவிட்டேன். இதற்கும் பதில் வராவிட்டால் நான் குறை நினைக்க மாட்டேன்.

கம்பளைக்குப் போய் வந்தோம். புது வீட்டிலேயே கல்யாணம். ஓடு போட்ட கூரை, வாசலில் வாழை. மச்சான் வந்தவர்களையெல்லாம் கைகொடுத்து உள்ளே அழைத்தார். என்னைக் கண்டதும் ஸலாம் மட்டும் சொல்லிவிட்டுப் பின்னால் வந்தவரிடம் திரும்பினார். அசனா தன் உம்மாவிடம் போய்விட்டாள். நான் பின்பக்கத்துப் பாயில் தெரியாத ஆட்களோடு இருந்தேன். நிக்காஹ் முடிந்தது.

சாப்பாட்டுக்குச் சஹன் வைத்தார்கள். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும், ஆறு பேருக்கு ஒரு பெரிய தட்டு, எல்லோரும் சுற்றியிருந்து அதிலேயே சாப்பிடுவது. எங்கள் சஹனுக்கு ஐந்து பேர்தான். ஆள் சேரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் சஹனில்தான் இருப்பார், அதுதான் முறை. மாப்பிள்ளை வீட்டார் அவரைக் கூப்பிட்டுக்கொண்டும் நின்றார்கள். அவர் சபை முழுக்க நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

“அங்கால கொஞ்சம் தள்ளுங்க மச்சான்,” என்றார்.

தள்ளினேன். இருந்தார். சபை எங்களைப் பார்த்தது. அவர் பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தார். பிறகு இறைச்சியைப் பிய்த்து என் பக்கமாகத் தள்ளினார்.

“பஸ்ஸில இடம் கிடச்சதா?”

“கிடச்சது.”

“அசனா நல்லா மெலிஞ்சிட்டா.”

“ஓம்.”

“பாத்துக்கங்க.”

அவ்வளவுதான் கதைத்தோம். சாப்பிட்டு எழும்பியதும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, “நீங்க முதலாளிக்கு அவ்வளவு வேண்டிய ஆளா?” என்று கேட்டார். அவருடைய மச்சான் என்று சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், நாலு மாதத்துக்குப் பிறகு அசனா தானாகவே என்னோடு கதைத்தாள். கந்தளாயைத் தாண்டும் வரை தன் காக்காவைப் பற்றித்தான் கதை. அவர் எழும்பி என்னிடம் வந்ததைப் பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து எல்லோரும் பார்த்தார்களாம். உம்மா கண்ணைத் துடைத்தாவாம். “காக்காட மனசு ஆருக்கும் வராது” என்றாள். உண்மைதான் என்றேன். சொன்னது மனதாரத்தான்.

ஆனால் ஐயா, உங்களுக்கு இனிமேல் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், அதனால் இதையும் எழுதுகிறேன். அவர் அந்தச் சபையைக் கடந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்தது. அதே நேரம் அடிவயிற்றில் அந்தப் பழைய எரிச்சலும் வந்தது. என்னை அடிக்க வந்தவர் ஹபறணையில் பஸ்ஸை விட்டுத் திரும்பினாராம், எழுதியிருந்தார்; அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் திரும்பியிருக்க மாட்டேன். அவருக்கு முடிகிறது, எனக்கு முடியாது. இவ்வளவுக்குப் பிறகும் அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இதை உங்களைத் தவிர வேறு யாருக்கு எழுதுவது?

தங்கள்
மஹ்ரூப்